‘மலரே’: மொழிபெயர்க்கப்படாமல் வென்ற பாடலும் எல்லைப்புறச் செவியும்

அல்போன்ஸ் புத்திரன் இயக்கிய ‘பிரேமம்’ என்னும் மலையாளத் திரைப்படம் 2015 மே 29 அன்று வெளியாயிற்று. அதில் ராஜேஷ் முருகேசன் இசையமைப்பில், சபரீஷ் வர்மாவின் வரிகளை விஜய் யேசுதாஸ் பாடிய ‘மலரே’ என்னும் காதற்பாடல் கேரளத்தில் அடைந்த வெற்றி வியப்புக்குரியதன்று. வியப்புக்குரியது, அப்பாடல் தமிழகத்தில் அடைந்த வெற்றியே. படம் தமிழில் மொழிமாற்றம் செய்யப்படவில்லை; மறுஆக்கமும் செய்யப்படவில்லை. மலையாளப் படமாகவே சென்னையில் 200 நாட்களுக்கு மேல் ஓடியது. பாடலும் மலையாளப் பாடலாகவே பண்பலை வானொலிகளிலும் கைபேசி அழைப்பிசையாகவும் கல்லூரி விழா மேடைகளிலும் ஒலித்தது. ‘இசைக்கு மொழியில்லை’ என்னும் வாசகம் அந்நாட்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

அவ்வாசகம் தவறானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ‘மலரே’ மொழியின் துணையின்றி வெல்லவில்லை, மொழியால்தான் வென்றது. ஆயினும் அம்மொழியைத் தமிழ்ச் செவி கேட்ட முறையும் மலையாளச் செவி கேட்ட முறையும் ஒன்றல்ல. இவ்விரண்டினின்றும் வேறுபட்ட மூன்றாவது செவி ஒன்றும் உண்டு. பாலக்காட்டு மாவட்டத்தின் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் இருமொழியாளரின் செவி அது. வெற்றிப் பட்டியல்கள் இம்மூன்றையும் ஒன்றாகக் கூட்டி ஓர் எண்ணாகத் தருகின்றன. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அவ்வெண் பயன்படுவதில்லை. அதனுள் மறைந்திருக்கும் கேட்பு வேறுபாடே பயன்படும்.

பட்டியல் எதனை அளக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இந்தியாவில் பாடல்களை வரிசைப்படுத்தும் பழக்கத்தைப் பரப்பியது 1952இல் இலங்கை வானொலியில் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’. இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் விருப்பமும் அதற்கு அடிப்படை. இன்று அந்த இடத்தில் பார்வை எண்ணிக்கையும் கேட்பு எண்ணிக்கையும் நிற்கின்றன. 2022இல் பில்போர்டு நிறுவனமும் இந்தியாவுக்கென ஒரு வாரப் பட்டியலைத் தொடங்கிற்று. பழைய முறையில் கடிதம் எழுதிய நேயர் இன்ன ஊரினர், இன்ன மொழியினர் என்பதாவது அஞ்சலட்டையில் தெரிந்தது. யூடியூபில் விழும் ஒரு சொடுக்கில் அதுவும் தெரிவதில்லை. மறையூரில் கேட்டவரும் மயிலாப்பூரில் கேட்டவரும் அங்கு ஒருவரே. இதற்குமேல் பட்டியலைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

முன்னோடிகளும் ஒரு வேறுபாடும்

பிறமொழிப் படம் மொழிமாற்றமின்றித் தமிழகத்தில் வெல்வது புதிதன்று. கே. பாலசந்தரின் ‘மரோசரித்ரா’ (1978) தெலுங்குப் படமாகவே சென்னையில் 500 நாட்களைக் கடந்து ஓடியது. தமிழ் இளைஞனும் தெலுங்குப் பெண்ணும் ஒருவர் மொழி ஒருவர்க்கு விளங்காத நிலையில் காதல் கொள்வது அதன் கதை. அதற்கு இசையமைத்தவர் பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம். எஸ். விசுவநாதன். (‘பிரேமம்’ வெளியாகி ஏழு வாரங்கள் நிறைவதற்குள், 2015 சூலை 14 அன்று அவர் மறைந்தார். தொலைக்காட்சிகள் அவருடைய பாடல்களுக்கிடையே ‘மலரே’யையும் ஒலிபரப்பிக்கொண்டிருந்த அந்த வாரத்தை நான் மறக்கவில்லை.) பாலக்காட்டு எல்லைப்புறம் இருமொழி இசைக்குப் புதியதன்று. சிற்றூரில் பிறந்த பி. லீலா தமிழிலும் மலையாளத்திலும் தடையின்றிப் பாடியவர். மலைக்கு மறுபக்கம், இடுக்கியின் அடிவாரத்தில் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா மலையாளத்துக்குத் தந்த பாடல்கள் மிகப் பல.

எனினும் ‘மரோசரித்ரா’வுக்கும் ‘பிரேம’த்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. முன்னதில் மொழித்தடையே கதை. பின்னதில் மொழித்தடை கதையாகவில்லை. அது இருக்கிறது, ஆனால் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. மலர், கேரளக் கல்லூரிக்குக் கௌரவ விரிவுரையாளராக வரும் தமிழ்ப்பெண். அவள் பெரும்பாலும் தமிழே பேசுகிறாள், மாணவர்கள் மலையாளம் பேசுகின்றனர், உரையாடல் நடக்கிறது. அப்பாத்திரத்தில் நடித்த சாய் பல்லவி நீலகிரியின் கோத்தகிரியைச் சேர்ந்த படகர் இனத்தவர் என்பதையும் சேர்த்து நோக்கினால், இப்படத்தின் மொழிச்சூழல் மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறத்தையும் தழுவியது எனலாம். இதே இயக்குநரின் ‘நேரம்’ (2013) தமிழிலும் மலையாளத்திலும் ஒருசேர எடுக்கப்பட்டது. தலைப்பை மாற்ற வேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை. ஒரே சொல் இரண்டு மொழிக்கும் போதுமாயிருந்தது.

பொதுச்சொல் இருப்பதால் பொருள் விளங்கிவிடும் என்று நம்புவதில்தான் இடர் தொடங்குகிறது.

விளியின் இரட்டைப் பொருள்

பாடலின் பெயரே ஒரு விளி. மலர் + ஏ. ஏகார விளி தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. மலர் என்னும் சொல்லும் பொது. இரு மொழியிலும் அன்றாட வழக்கில் ‘பூ’, ‘பூவு’ என்பனவே வழங்க, ‘மலர்’ சற்று உயர்ந்த நடைக்குரியதாக நிற்பதும் பொது. ஆகவே இங்கு மொழிபெயர்ப்பதற்கு எதுவுமில்லை என்று தோன்றும்.

ஆனால் தமிழில் ‘மலர்’ பெண்ணின் பெயர். மலர்விழி, மலர்க்கொடி, தேன்மலர் எனத் தொடர்ந்து, தனிமலராகவும் நம் வகுப்புப் பதிவேடுகளில் அப்பெயர் இருக்கும். மலையாளிகளின் பெயர் வழக்கில் அது அரிது. பெண்ணுக்கு மலர் என்று பெயரிட்டாலே அவள் தமிழ்ப்பெண் என்பது கேரளப் பார்வையாளர்க்குப் புலப்பட்டுவிடும். எனவே ‘மலரே’ என்னும் விளி மலையாளச் செவிக்கு முதலில் உருவகமாகவும், கதையறிந்த பின் பெயராகவும் ஒலிக்கிறது. தமிழ்ச் செவிக்கு முதலிலேயே பெயராக ஒலித்து, பிறகு உருவகமாக விரிகிறது. சொல் ஒன்று, கேட்பின் வரிசை தலைகீழ்.

தெலுங்கு மறுஆக்கம் இதனை நன்கு காட்டுகிறது. 2016இல் சந்து மொண்டேட்டி இயக்கத்தில் ‘பிரேமம்’ தெலுங்கில் வந்தபோது பாத்திரத்தின் பெயர் சிதாரா என மாறிற்று. மெட்டு மாறவில்லை, பாடகரும் மாறவில்லை. ‘மலரே’ இருந்த இடத்தில் ‘எவரே’ வந்தது. பொருளளவில் இரண்டுக்கும் தொடர்பில்லை. முன்னது விளி, பின்னது வினா. ஆனால் யாப்பை நோக்குக: இரண்டும் நிரைநேர், அதாவது புளிமா. இரண்டாம் அசையின் ‘ரே’ அப்படியே நிற்கிறது. மெட்டு நீண்டு இளைப்பாறும் இடம் அந்த நெடில். அதை விட்டுக்கொடுத்தால் பாட்டே போய்விடும் என்பதை அவ்வாசிரியர் உணர்ந்திருக்கிறார். பெயரையும் மலரையும் இழந்து ஏகாரத்தைக் காத்தார். அது சரியான தேர்வு என்றே கருதுகிறேன். மெட்டுக்கு எழுதும் மொழிபெயர்ப்பில் முதலில் காக்க வேண்டியது மூலத்தின் ஒலி இளைப்பாறும் இடம். பொருள் வேறோர் அடியில் ஈடுசெய்யப்படலாம். ‘எவரே’ தமிழர்க்கும் விளங்கும் சொல் என்பது தற்செயலான உபரி.

தமிழ்ச் செவியின் ஒப்பியல்

மலையாளம் பயிலாத தமிழர் இப்பாடலை எவ்வாறு புரிந்துகொண்டனர்? இங்கு நிகழ்ந்தது, பெயர் தெரியாமல் செய்யப்பட்ட ஒப்பியல் ஆய்வு. தமிழின் சொல்லிறுதி ஐகாரம் மலையாளத்தில் அகரமாக நிற்கும்: மழை – மழ, இலை – இல, புழை – புழ. தமிழின் ‘ந்த்’ அங்கு ‘ந்ந்’ ஆகும்: வந்து – வந்நு, இருந்தால் – இருந்நால். கேட்பவர் இவ்விதிகளைச் சொல்ல அறியார். ஆனால் இரண்டு முறை கேட்டதும் செயற்படுத்திவிடுவார். நிறம், கனவு, நேரம், அழகு, போல என்னும் சொற்கள் மாற்றமின்றியே விளங்கிவிடுகின்றன.

மலையாளத்துக்கும் தமிழுக்கும் உள்ள இலக்கண வேறுபாடுகளுள் தலையாயது, வினைமுற்றில் திணை பால் எண் இட விகுதி இல்லாமை. ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் ‘கேரளபாணினீய’த்தில் புருஷபேத நிராசம் என்று பெயரிட்டு, மலையாளத்தின் தனிநிலைக்குரிய மாற்றங்களுள் ஒன்றாக இதனைக் கொண்டார். வந்தான், வந்தாள், வந்தது என்னும் மூன்றுக்கும் வந்நு ஒன்றே. தமிழ்ச் செவி மலையாளப் பேச்சில் தடுமாறும் முதலிடம் இதுவே. ‘மலரே’ பாடலோ வினைமுற்றுகளைப் பெரிதும் நம்பவில்லை. அது பெயரெச்சத்தின் மேல் ‘போல’ ஏற்றும் உவமைத் தொடர்களாலும், எதிர்மறை நிபந்தனை எச்சங்களாலும் கட்டப்பட்டது. ‘வருந்ந போலெ’ என்பதற்கு ‘வருகிற போல’ என்பதும், ‘வராதிருந்நால்’ என்பதற்கு ‘வராதிருந்தால்’ என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும் வடிவங்கள். எச்சங்களில் தமிழுக்கும் பால்காட்டும் விகுதி இல்லை. ஆகவே இரு மொழிகளும் பிரிந்துபோன இடத்தை விலக்கி, இன்னமும் ஒன்றாக நிற்கும் இடத்திலேயே இப்பாடல் பெரும்பாலும் நடக்கிறது. பாடலாசிரியர் இதனைத் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. காதலின் தயக்கம் முற்றுவினையை விரும்பாது, அவ்வளவே. ஆயினும் தமிழகத்து வெற்றிக்கு உதவிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

அடுத்தது, இன்னும் நுட்பமானது. மலையாளத்தில் முன்னிலை ஒருமையின் வேற்றுமையடி ‘நின்’. அது அங்காடியிலும் அடுக்களையிலும் வழங்கும் சொல். தமிழில் ‘நின்’ பேச்சிலிருந்து மறைந்து, சங்கப் பாடலிலும் பக்திப் பாசுரத்திலும் பாரதியிலும் மட்டும் வாழ்கிறது. எனவே ‘நின்னை’ என்று பொருள்படும் மலையாள வடிவம் தமிழ்ச் செவியில் விழுந்ததும் அதற்கு ஒரு தொன்மைச் சாயல் ஏறிவிடுகிறது. ‘தண்’ என்னும் அடியும் அப்படியே. மலையாளத்தில் குளிர்ச்சியைச் சொல்ல இயல்பாக வருவது, தமிழில் ‘தண்ணீர்’ போன்ற சில தொடர்மொழிகளுக்குள் ஒடுங்கிவிட்ட பழஞ்சொல். கேரளத்தில் இளைஞன் ஒருவனின் எளிய மொழியாகக் கேட்கப்பட்ட பாடல், தமிழகத்தில் ஒரு படி உயர்ந்த நடையில் கேட்கப்பட்டது. ‘மலையாளப் பாட்டில்தான் இன்னும் கவிதை இருக்கிறது’ என்று தமிழ் நண்பர்கள் அந்நாளில் கூறியதன் அடியில் இந்தக் கேட்புப் பிழை இருந்தது. இனிய பிழைதான், ஆனால் பிழை. எதிர்த்திசையிலும் இது நிகழும் என்பதை மறுப்பதற்கில்லை.

பிழைகள் எல்லாம் இனியனவாகவே இருப்பதில்லை. பாடலின் தொடக்கத்தில் வானத்தைக் குறித்து ‘மானம்’ என்னும் சொல் வருகிறது. வகர மகரத் திரிபு திராவிட மொழிகளில் நன்கறியப்பட்டது. தமிழகத்துச் சிற்றூர்களிலும் ‘மானம் பார்த்த பூமி’ என்கிறோம். ஆனால் நகரத்துத் தமிழ் மாணவர்க்கு மானம் என்றால் தன்மானமே. மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் இப்பாடலைக் கேட்டு உரைநடையாக்கும்படி கூறியபோது, சென்னையில் வளர்ந்த மாணவி ஒருவர் அவ்விடத்தில் ‘தெளிந்த மானமுடையவளே’ என எழுதினார். கரிசல் மண்ணைச் சேர்ந்த மாணவர் தயங்காமல் ‘வானம்’ என்றார். அவருக்கு உதவியது மலையாள அறிவன்று, பாட்டியின் தமிழ். இதே திரிபே ‘மிழி’யிலும் உள்ளது. விழி இலக்கியத்துக்கும் முழி பேச்சுக்கும் போக, மலையாளத்தில் மிழி கவிதைக்கு உரியதாயிற்று. ‘முழி’யோடு தொடர்புபடுத்திக் கேட்டவர் சிரித்தார், ‘விழி’யோடு தொடர்புபடுத்தியவர் உருகினார்.

‘மாயுக’ என்பது இவற்றினும் இடர் மிக்கது. மலையாளத்தில் அது வண்ணம் மங்குவதையும் எழுத்து அழிவதையும் கதிரவன் மறைவதையும் சொல்லும் மென்மையான வினை. தமிழில் ‘மாய்தல்’ இறத்தல். ‘தன்னை மாய்த்துக்கொண்டான்’ என்னும் செய்தித்தாள் தொடரே முதலில் நினைவுக்கு வரும். நிறம் மங்குவதைச் சொன்ன இடம் தமிழ்ச் செவியில் ஒரு சாவின் நிழலாகப் படிந்தது. படத்தின் பிற்பகுதியில் மலர் விபத்துக்குள்ளாகி நினைவிழப்பதைக் கண்டவர்கள், பாட்டிலேயே இது முன்னறிவிக்கப்பட்டிருக்கிறது என்று வியந்து பேசியதைக் கேட்டிருக்கிறேன். முன்னறிவிப்பு மூலத்தில் அவ்வளவு அழுத்தமாக இல்லை. போலி இனச்சொல் அதனை மிகைப்படுத்திற்று. ‘மழவில்’ மட்டும் எவரையும் ஏமாற்றவில்லை. நாம் வானத்தின் வில் என்கிறோம், அவர்கள் மழையின் வில் என்கின்றனர். ஒரே காட்சிக்கு இருவேறு காரணம் காட்டும் இரு பெயர்கள். கேட்டவுடன் விளங்கி, விளங்கியதற்கு மகிழ்ச்சியும் தருவன. பாடலின் பிற சொற்களை நோக்கும்போது இந்த ஒன்றை மொழிபெயர்க்காமல் விட்டுவைப்பதே நன்று.

எல்லைப்புறத்தில் கேட்டவை

1956 மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்னும் கோரிக்கை நிறைவேறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டினர். 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுத இடமளித்தது. சட்டத்தில் இடம் உண்டு, சந்தையில் இல்லை. திரைப்பட வணிகத்துக்கு இவர்கள் கேரளத்துக் கணக்கில் மலையாளிகள், தமிழகத்துக் கணக்கில் இல்லாதவர்கள்.

இவர்கள் ‘மலரே’யைக் கேட்டது மேலே கூறிய இரண்டு வகையிலும் அன்று. சிற்றூரில் தேநீர்க்கடை நடத்தும் பெரியவர் ஒருவரிடம், இப்பாட்டில் ‘நின்னை’ என்று வருவது பழந்தமிழ் போல இல்லையா என்று கேட்டேன். ‘அதிலென்ன பழசு? காலையில் லாரிக்காரன் சண்டை போடும்போதும் அதைத்தான் சொல்கிறான்’ என்றார். (சிற்றூர், மலையாளத்தின் எழுத்தச்சன் தம் இறுதிக்காலத்தைக் கழித்ததாகக் கருதப்படும் ஊர், அங்கேயே அரசுக் கல்லூரியில் தமிழும் கற்பிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் அறியாதவர் போலவே அவர் பேசினார், அறிந்திருக்கவும் கூடும்.) தமிழகத்துச் செவிக்குக் கிட்டிய தொன்மைச் சாயல் அவருக்குக் கிட்டவில்லை. இரண்டு மொழியும் அன்றாடமாக இருப்பவர்க்கு அயன்மையின் அழகு குறைவு. ஆனால் ‘மாயுக’ அவரை ஏமாற்றாது, மானமும் ஏமாற்றாது. அவர் இழந்தது மயக்கம், பெற்றது துல்லியம்.

இடுக்கியில் நிலை சற்று வேறு. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் தேவிகுளம் வானொலியின் இருமொழி நிகழ்ச்சிகளும், மலைமுகட்டிலிருந்து இறங்கும் கொடைக்கானல் பண்பலையும் ஒரே பெட்டியில் கேட்கும். மூன்றாறுப் பகுதியில் ஓடும் ஆற்றின் பெயரை நோக்குக: முதிரப்புழையாறு. புழையும் ஆறும் ஒரே பொருளுடைய இருமொழிச் சொற்கள். ஒன்றைப் பெயரின் பகுதியாகக் கொண்டுவிட்டு மற்றொன்றை அதன்மேல் ஏற்றியிருக்கின்றனர். எல்லைப்புறத்தார் மொழிபெயர்ப்பதில்லை, பக்கத்தில் வைத்துக்கொள்கின்றனர். பாடலில் புழையோரம் பற்றிய குறிப்பு வருமிடத்தில், தமிழகத்து மாணவர் ‘புழை’ என்பதைத் துளை, வாயில் எனத் தமிழ் அகராதிவழி சென்று தேடினார். மூன்றாற்றில் அத்தேடலுக்கு வேலையில்லை.

ஆயினும் எல்லைப்புறச் செவி மட்டுமே முழுமையாகக் கண்ட ஒன்று இப்படத்தில் உண்டு. இதனைத் திறனாய்வாளர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. பாடல் முழுதும் ஆண்குரலில், மலையாளத்தில் நிகழ்கிறது. விளிக்கப்படுகிறவள் தமிழ்ப்பெண், அவள் ஓரடியும் பாடுவதில்லை. விளிக்கு எதிர்ச்சொல் இல்லை. கல்லூரியில் ‘மலர் மிஸ்’ என்று பெயரோடு பதவியைச் சேர்த்து அழைக்கும் மாணவன், பாட்டில் ‘நீ’ என்னும் ஒருமைக்கு இறங்குகிறான். காதற்பாட்டில் இது இரு மொழிக்கும் ஒத்த உரிமையே. ஆனால் அந்த உரிமையை அவள் ஏற்றாளா என்பதற்குச் சான்று பாட்டினுள் இல்லை. அவளுடைய விடை படத்தின் இறுதியில், அவனது திருமணத்துக்கு வந்து திரும்பும்போது வருகிறது. நினைவு மீண்டுவிட்டது என்பதையும், அதை அவனிடம் சொல்லாமல் விட்டதையும் அவள் தன் கணவனிடம் உரைக்கும் சில சொற்களால் அறிகிறோம். அவை தமிழ்ச் சொற்கள். அவன் காதில் அவை விழுவதில்லை.

அதாவது, இக்காதலின் கேள்வி மலையாளத்தில் பாட்டாகவும் விடை தமிழில் தாழ்ந்த பேச்சாகவும் அமைந்துள்ளன. தமிழகத்தார் விடையைத் துல்லியமாகவும் கேள்வியை ஊகமாகவும் கேட்டனர். கேரளத்தார்க்குக் கேள்வி துல்லியம். விடை, தமிழ்ப்படங்களை மொழிமாற்றமின்றிப் பார்த்துப் பழகிய பயிற்சியால் ஏறத்தாழத் துல்லியம். கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் இருந்தவர்க்கு இரண்டும் ஒரே அளவில் எட்டின. படத்தைத் தமிழில் மறுஆக்கம் செய்திருந்தால் இந்த அமைப்பு முற்றிலும் சிதைந்திருக்கும். கேள்வியும் விடையும் ஒரே மொழியாகிவிட்ட பின் மலரின் மௌனத்துக்குப் பொருள் ஏது? மறுஆக்கம் நிகழாமற் போனதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அதனையே மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பதற்குச் சான்றாக்குவதை ஏற்க இயலாது. பாடல்களுக்குச் சப்டைட்டில் எழுத வேண்டியதில்லை, இசையே போதும் என்று தயாரிப்புத் தரப்பினர் கூறுவதும், ‘மலரே’யை அதற்கு எடுத்துக்காட்டுவதும் உண்டு. எழுதினாலும், எல்லைப்புற இளைஞர் ஒருவரை அழைத்து, ‘உனக்குத்தான் இரண்டும் தெரியுமே’ என்று ஒரு மாலையில் முடித்துவிடுகின்றனர். இருமொழி அறிவு பிறவியில் வந்தது, ஆகவே விலையில்லாதது என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது. மாணவி ‘தெளிந்த மானமுடையவளே’ என எழுதிய இடத்தில் அந்த இளைஞர் பிழை செய்யமாட்டார். ஆனால் ‘நின்னை’ என்பதை ‘நின்னை’ என்றே வைப்பதா, ‘உன்னை’ என்பதா என்னும் கேள்வி அவருக்குத் தோன்றாது. ஏனெனில் அவர் செவியில் இரண்டுக்கும் நடை வேறுபாடு இல்லை. அதற்குப் பயிற்சி வேண்டும். சொல்லறிவு எல்லையில் கிடைக்கும். நடையறிவைக் கற்பிக்க வேண்டும்.

என் விடை ‘உன்னை’ என்பதே. தொன்மைச் சாயல் தமிழ்ச் செவி தானாகச் சேர்த்துக்கொண்ட ஆபரணம். மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பாளர் நிலைபெறச் செய்யலாகாது. ‘மாயுக’வுக்கு ‘மங்குதல்’, மானத்துக்கு ‘வானம்’, மிழிக்கு ‘விழி’. மழவில்லும் மலரும் அப்படியே நிற்கட்டும். இவ்வாறு செய்தால் பாடல் தமிழில் சற்று வறியதாகத் தோன்றும் என்று நண்பர் ஒருவர் மறுத்தார். தோன்றும். கேரளத்து மாணவன் ஒருவன் எளிய சொற்களில் தயங்கிப் பேசியது அவ்வளவு வளமுடையதாகத்தான் இருந்தது.

எதிர்த்திசையில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ‘குணா’ (1991) படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையில் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய ‘கண்மணி அன்போடு காதலன்’ என்னும் பாடல், 2024 பிப்ரவரியில் வெளியான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படத்தில் மொழிபெயர்க்கப்படாமலே இடம்பெற்றது. கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதையில் ஒரு காதற்பாடல் நட்பின் பாடலாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எங்கும் ஒலித்தது. அங்கும் ‘இசைக்கு மொழியில்லை’ என்றே எழுதினர். கண்மணி என்னும் விளி மலையாளத்தில் குழந்தைக்கும் உற்ற துணைக்கும் பொதுவாக நிற்பதால்தான் அந்த மாற்றம் கேரளத்தில் உறுத்தாமல் நிகழ்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் அச்சொல் காதலின் பக்கம் எவ்வளவு சாய்ந்துவிட்டது, மலையாளத்தில் தாலாட்டின் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்பதை எல்லைப்புற ஊர்களில் சென்று கேட்டறிய வேண்டும்.